கார் ஆம்ப் மக்கர் செய்தால்: ஒயரிலும் பியூஸிலும் கோளாறு பிடிக்கும் முறை

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் கொடை, அதாவது கோவில் திருவிழா, தொடங்கிவிடும். அம்மன் கோவில், சுடலைமாடன் கோவில் என்று ஊருக்கு ஊர் நாள் குறிப்பார்கள். பாளையங்கோட்டையில் இருக்கும் என் பட்டறைக்கு, பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைத்த வேன்களும் கார்களும் வரிசையாக வரத் தொடங்குவதும் அப்போதுதான். வண்டியை விட்டு இறங்கும்போதே "அண்ணாச்சி, ஆம்ப் போயிட்டு" என்பார்கள். கழற்றி மேசையில் வைத்து, நல்ல பேட்டரியில் இணைத்தால் அது பாடும். கோளாறு பெரும்பாலும் ஆம்ப்புக்கு வரும் ஒயரிலோ, ஆம்ப்பை வண்டியின் பாடியோடு இணைக்கும் எர்த்திலோ, பியூஸிலோ இருக்கும். இது தெரியாமல் புது ஆம்ப் வாங்கி, அதே ஒயரில் மாட்டி, அதே கோளாறோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்து மனசு சங்கடப்பட்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் வண்டி என்ன அறிகுறி காட்டுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் "சத்தம் கூட்டினால் பியூஸ் போகிறது" என்ற பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். ஒயர் அளவும் பியூஸ் அளவும் அங்கேதான் இருக்கின்றன.

ஒரு மல்டிமீட்டர் வேண்டும். விலை குறைந்ததே போதும், டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். 55 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்றை எடுத்து அதில் இரண்டு ஒயர் பற்றவைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலையை இந்தப் பல்ப் செய்துவிடும். கூடவே உப்புத்தாள், மாற்று பியூஸ், 10-ஆம் நம்பர் ஸ்பேனர்.

பேட்டரியில் கை வைக்கும் முன் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அது கடைசி. பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறி பாடியில் பட்ட கணத்தில் பல நூறு ஆம்பியர் அந்த ஸ்பேனர் வழியாகப் பாயும். கையில் மோதிரமோ காப்போ இருந்தால் அதையும் கழற்றி வையுங்கள்.

எண்களில் மனதில் நிற்க வேண்டியவை இரண்டுதான். வண்டி ஓடாமல் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. இதற்குக் கீழே இருந்தால் ஆம்ப்பைத் தொடாதீர்கள், முதலில் பேட்டரியையும், இன்ஜின் ஓடும்போது அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள்.

பாட்டும் வரவில்லை, ஆம்ப்பில் லைட்டும் எரியவில்லை

ஆம்ப்புக்கு மூன்று ஒயர் உயிர் கொடுக்கின்றன: பாசிட்டிவ், எர்த், ஸ்டீரியோ ஆன் ஆனதும் ஆம்ப்பையும் ஆன் செய்யச் சொல்லும் ரிமோட். ஆம்ப்பின் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 12க்கு மேல் காட்டினால் அடுத்தது ரிமோட். ஸ்டீரியோவை ஆன் செய்துவிட்டு ரிமோட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். அங்கேயும் 12 வர வேண்டும். வரவில்லையென்றால் ஸ்டீரியோவின் பின்னால் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் கழன்றிருக்கிறதா பாருங்கள். வெறும் நீல நிற ஒயர் பவர் ஆன்டெனாவுக்கு உரியது. சில செட்டுகளில் ரேடியோ பாடும்போது மட்டும்தான் அதில் கரண்ட் வரும். "ரேடியோ போட்டா பேஸ் வருது, பென்டிரைவ் போட்டா வரலை" என்று வந்த வண்டியில் ரிமோட்டை அந்த வெறும் நீல ஒயரில் கொடுத்திருந்ததுதான் கோளாறு.

பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றுமே காட்டவில்லையா? மீட்டரின் கறுப்புக் கம்பியை எர்த் ஒயரிலிருந்து எடுத்து, வண்டியின் வேறொரு சுத்தமான உலோகத்தில் வையுங்கள். இப்போது 12 வந்தால் எர்த் போயிருக்கிறது. அப்போதும் வரவில்லையென்றால் பாசிட்டிவ் பக்கம். பேட்டரி அருகே இருக்கும் பியூஸின் இரண்டு முனையிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒரு முனையில் 12, மறுமுனையில் பூஜ்யம் என்றால் பியூஸ் போய்விட்டது. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

இதில் மீட்டர் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. நூற்றுக்கணக்கான இழைகள் உள்ள ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் மீட்டர் 12.6 காட்டும். மீட்டர் இழுப்பது ஒன்றுமில்லாத கரண்ட். அதனால் "வோல்ட் வருதே, அப்ப ஆம்ப்தான் போச்சு" என்று முடிவுகட்டிவிடுவோம். ஹெட்லைட் பல்பை ஆம்ப் இருக்கும் இடத்தில் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவே இணையுங்கள். அது நாலரை ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் ஒயர் அறுந்து தொங்கவில்லை என்று அர்த்தம். மங்கலாக எரிந்தாலோ எரியாமல் போனாலோ கோளாறு ஒயரில்தான்.

பியூஸ் போட்ட உடனே போகிறது

பாட்டுப் போடும் முன்பே, மாட்டிய மாத்திரத்தில் பட்டென்று போனால், பாசிட்டிவ் எங்கோ பாடியில் படுகிறது. ஒன்றன் பின் ஒன்றாகப் பியூஸைக் காவு கொடுக்காதீர்கள். பியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஹெட்லைட் பல்பை இணையுங்கள். ஆம்ப் முனையில் பாசிட்டிவ் ஒயரைக் கழற்றி டேப் சுற்றி வையுங்கள். இப்போது பல்ப் முழு வெளிச்சத்தில் எரிகிறதென்றால் ஒயர் நடுவழியில் பாடியைத் தொடுகிறது. பல்பைப் பார்த்துக்கொண்டே பானெட்டிலிருந்து டிக்கி வரை ஒயரை அங்கங்கே அசைத்துப் போங்கள். எங்கே அசைத்தால் பல்ப் மினுக்குகிறதோ அங்கேதான் கோளாறு.

எனக்கு அகப்படுகிற இடங்கள் பெரும்பாலும் மூன்று. இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே ஒயர் நுழையும் தகட்டுத் துளை. அதில் ரப்பர் கிராமெட் போடாமல் வெறும் துளையில் ஒயரை விட்டிருப்பார்கள், நாலு மாத ஓட்டத்தில் தகட்டின் விளிம்பு உறையை அறுத்துவிடும். அடுத்தது முன் சீட்டின் தண்டவாளம். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போது ஒயர் நசுங்கும். மூன்றாவது எலி. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று வயலை ஒட்டி வண்டி நிறுத்துகிறவர்களுக்கு அறுவடை முடிந்த நாட்களில் இது தவறாமல் நடக்கும். வயலில் தீனி குறைந்ததும் எலி, வீட்டையும் இன்ஜின் சூட்டையும் தேடி வரும். பானெட்டுக்குள் ஓடும் ஒயருக்கு முழு நீளமும் நெளிகுழாய் போட்டுவிடுங்கள். எலியை அது முழுதாகத் தடுத்துவிடாது, ஆனால் உராய்வையும் சூட்டையும் தாங்கும். கடித்த இடம் தெரிந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் அந்தத் துண்டையே மாற்றுங்கள்.

ஆம்ப் இணைக்காதபோது பல்ப் எரியவில்லை, இணைத்ததும் ஒரு நொடி எரிந்து அணைகிறது. இது சரியான நடத்தை. ஆம்ப்புக்குள் கரண்டைத் தேக்கி வைக்கும் கப்பாசிட்டர் நிரம்புகிறது. ரிமோட் ஒயரையும் கழற்றி வைத்த நிலையில், ஆம்ப்பை இணைத்ததும் பல்ப் அணையாமல் முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் மட்டும் ஆம்ப்புக்குள் ஷார்ட். பாசிட்டிவையும் எர்த்தையும் யாரோ மாற்றிக் கொடுத்திருந்தால் இப்படி ஆகும். அது பெஞ்சில் வைத்துப் பார்க்க வேண்டிய வேலை.

சத்தம் கூட்டினால் பியூஸ் போகிறது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

"அண்ணாச்சி, 40 போட்டா நிக்க மாட்டேங்கு. 80 இருந்தா தாங்க."

"தம்பி, ஒயரு எத்தன ஸ்கொயரு?"

"ஒயரா? ஏசிக்கு இழுப்பாவல்லா, அந்த ஒயருதான். கெட்டியாத்தான் இருக்கு."

இந்தப் பேச்சு என் பட்டறையில் வருஷத்துக்குப் பத்து தடவையாவது நடக்கும். அந்தத் தம்பி கேட்டபடி 80 கொடுத்தால் பாட்டு நிற்காது. ஆனால் கார்பெட்டுக்குக் கீழே ஒயர் கொதிக்கத் தொடங்கிவிடும்.

பேட்டரி அருகே நாம் போடும் பியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்ற வைத்தது இல்லை. ஆம்ப்புக்கு அதன் மேலேயே தனிப் பியூஸ் இருக்கிறது. பேட்டரி அருகே இருப்பது ஒயருக்குக் காவல். ஒயர் தாங்காத அளவுக்குக் கரண்ட் ஓடினால், ஒயர் எரியும் முன் பியூஸ் எரிய வேண்டும். ஆகவே பியூஸின் அளவு ஒயரின் தாங்குதிறனைத் தாண்டவே கூடாது. ஆம்ப் இன்னும் கரண்ட் கேட்கிறதென்றால் முதலில் ஒயரைத் தடிமனாக்குங்கள், அப்புறம் பியூஸைக் கூட்டுங்கள்.

வீட்டில் ஒரு ஏசியே ஓடும் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் காரில் ஏன் போதாது? வோல்ட்தான் காரணம். வீட்டில் 230 வோல்ட். 500 வாட் கருவிக்கு இரண்டு ஆம்பியரும் சொச்சமும் போதும். காரில் 13.8 வோல்ட்தான். அதே 500 வாட்டை ஸ்பீக்கருக்குத் தர, கிளாஸ் டி ஆம்ப் என்றால் நூற்றுக்கு எண்பது தேறும் என்று வைத்தாலும், 625 வாட் உள்ளே இழுக்கும். 625-ஐ 13.8-ஆல் வகுத்தால் 45 ஆம்பியர். பழைய கிளாஸ் ஏபி ஆம்ப் முழுச் சத்தத்தில் பாதியைச் சூடாகவே வீணாக்கும். அதற்கு 72 ஆம்பியர் வேண்டும்.

இனி அந்த ஒயரைப் பாருங்கள். நல்ல செம்பில் 4 ஸ்கொயர் ஒயரின் தடை ஒரு மீட்டர் நீளத்துக்கு 4.3 மில்லி ஓம். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர் என்றால் 21 மில்லி ஓமுக்கு மேல். 50 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். ஒயர் நெடுக 50 வாட்டுக்கு மேல் சூடாக மாறும். கார்பெட்டுக்குக் கீழே காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் எரிந்துகொண்டிருப்பதற்குச் சமம். அதே இடத்தில் 21 ஸ்கொயர், அதாவது கடைகளில் 4 கேஜ் என்று விற்கும் ஒயரை இழுத்தால், இழப்பு 0.2 வோல்ட், சூடு 10 வாட்.

நான் என் வண்டிகளில் வைக்கும் அளவு இது. சுத்தச் செம்பாக இருந்தால் 10 கேஜ், அதாவது 5 ஸ்கொயரும் கொஞ்சமும், 30 ஆம்பியருக்கு மேல் பியூஸ் போடமாட்டேன். 8 கேஜ் என்றால் 8 ஸ்கொயர் சொச்சம், அதற்கு 50. 4 கேஜுக்கு 100. 0 கேஜ் 53 ஸ்கொயர், அதற்கு 250. இதைவிடக் கூடப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கத்து வெயிலில் நிறுத்திய வண்டியின் உள்ளே இருக்கும் சூட்டில், முழு ராத்திரியும் ஓடும் வண்டிக்கு, நான் கூட்டமாட்டேன்.

ஒரு விதிவிலக்கும் வேண்டாம்: ஒயர் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று பாருங்கள். கிட் என்று ஒரு பையில் போட்டு மலிவாக விற்பதில் பாதிக்கு மேல் பூச்சு ஒயர்தான் எனக்குக் கிடைத்திருக்கிறது. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். காயிலைக் கையில் தூக்கினாலே தெரிந்துவிடும். அலுமினியத்தின் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அது கரண்டைக் கடத்துவதும் செம்பில் மூன்றில் இரண்டு பங்குதான். பூச்சு ஒயர் போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு கேஜ் தடிமனாக எடுத்து, பியூஸை மேலே சொன்னதில் ஒரு படி குறைத்துப் போடுங்கள். கேஜ் எண்ணையும் நம்பி வாங்காதீர்கள். உறையை மட்டும் தடிமனாக்கி 4 கேஜ் என்று அச்சடித்து விற்கிறார்கள். வெட்டி, உள்ளே உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

ஆம்ப் எவ்வளவு இழுக்கும் என்று தெரிய அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் 2000 வாட்டைப் பார்க்காதீர்கள். ஆம்ப்பின் உடம்பில் இருக்கும் பியூஸைப் பாருங்கள். இரண்டு 25 என்றால் மொத்தம் 50 ஆம்பியர். 50-ஐ 13.8-ஆல் பெருக்கினால் 690 வாட்தான் உள்ளே போக முடியும். அதில் எண்பது சதவீதம் வெளியே வந்தாலும் 550. பெட்டி சொல்லும் 2000 அதற்குள் எங்கிருந்து வரும்? பேட்டரி அருகே இருக்கும் பியூஸுக்கும் இந்தக் கணக்கே போதும். ஆம்ப்பின் பியூஸ்களைக் கூட்டுங்கள். அந்தத் தொகைக்குக் கிட்டத்தட்ட சமமான பியூஸ் போடுங்கள், அந்தத் தொகையைத் தாங்கும் ஒயரை இழுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பியூஸ் போகிறதா? ஸ்பீக்கர் பக்கம் போங்கள். பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கரான சப் வூஃபர், 4 ஓமில் இரண்டை இணையாகக் கட்டினால் 2 ஓம். ஆம்ப் அதைத் தாங்கும் என்று அதன் மேல் எழுதியிருக்கிறதா பாருங்கள். ஓம் பாதியானால் கரண்ட் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

இன்னொன்று. பியூஸில் 40 என்று போட்டிருந்தால் 41-இல் போய்விடாது. பிளேடு பியூஸுக்கான தர அளவில், ஒன்றே கால் மடங்குக்குச் சற்று மேலே, அதாவது 135 சதவீதத்தில், முக்கால் நொடியிலும் போகலாம், பத்து நிமிஷமும் நிற்கலாம். இரண்டு மடங்கு கரண்ட் ஓடினால் ஐந்து நொடிக்குள் போய்விடும். ஆகவே கால் மணி நேரம் பாடிவிட்டுப் போகும் பியூஸ், "என் அளவுக்கு மேலே கொஞ்சமாகத்தான் இழுக்கிறாய்" என்று சொல்கிறது. பாட்டுத் தொடங்கியதும் போவது, பெரிய அளவில் இழுப்பு இருக்கிறது என்று சொல்கிறது.

பியூஸ் போன இடத்தில் சிகரெட் தாளின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி மாட்டிய வேன் ஒன்று ஒரு கொடை ராத்திரியில் என்னைத் தேடி வந்தது. வரும்போதே உள்ளே புகை. சீட்டுக்குக் கீழே ஒரு முழம் நீளத்துக்கு ஒயரின் உறை உருகிக் கார்பெட்டோடு ஒட்டியிருந்தது. பின் சீட்டில் மூன்று பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் எந்த வண்டியை முடித்துக் கொடுத்தாலும், அதே அளவில் இரண்டு மாற்று பியூஸ்களைப் பானெட்டுக்குள் டேப் போட்டு ஒட்டாமல் அனுப்புவதில்லை.

பியூஸ் வைக்கும் இடமும் முக்கியம். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள், அதாவது 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். டிக்கியில் ஆம்ப் பக்கத்தில் மட்டும் பியூஸ் போட்டால், இடையில் ஐந்து மீட்டர் ஒயருக்குக் காவலே இல்லை. விபத்தில் முன்பக்கம் நசுங்கினால் முதலில் அறுபடுவது அந்த ஒயர்தான்.

பியூஸ் நன்றாக இருக்கிறது, ஹோல்டர் உருகுகிறது

இதைப் பார்த்ததும் பலருக்கும் பெரிய பியூஸ் போடத் தோன்றும். வேண்டாம். பியூஸ் போகாமல் ஹோல்டர் மட்டும் உருகுகிறதென்றால் கரண்ட் அதிகமில்லை, பிடிமானம் சரியில்லை. ஒயர் முனையை வெறுமனே திருகி, ஒரு சின்ன ஸ்க்ரூவில் அழுத்தியிருப்பார்கள். அந்த இணைப்பில் வெறும் 5 மில்லி ஓம் தடை இருந்தாலும், 50 ஆம்பியரில் 12 வாட்டுக்கு மேல் ஒரே புள்ளியில் சூடாகும். கட்டைவிரல் அகலப் பிளாஸ்டிக் அதைத் தாங்காது.

பாட்டை நிறுத்திய உடனே ஹோல்டரின் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் அதிகம் சுடுகிறதோ அந்தப் பக்கத்து இணைப்பைப் பிரியுங்கள். கறுத்த இழைகளை வெட்டி, புதிய முனைக்கு லக், அதாவது போல்ட்டில் மாட்டும் உலோக வளையம், போட்டு, சரியான கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். கொறடால் நசுக்குவது போதாது. ஈயம் மட்டும் ஊற்றி நிறுத்துவதும் எனக்குப் பிடிக்காது. ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைப்பாக்கிவிடும். அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில் இழைகள் முறியும். கண்ணாடிக் குழாய் பியூஸ் ஹோல்டர் இருந்தால், 40 ஆம்பியருக்கு மேல் ஓடும் வண்டியில் அதை எடுத்துவிட்டு, போல்ட் போட்டு இறுக்கும் பட்டைப் பியூஸுக்கு மாறுங்கள்.

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது

ராத்திரி நாங்குநேரி தாண்டி நான்குவழிச் சாலையில் போகும்போது தாளத்துக்கு ஏற்ப ஹெட்லைட் சிமிட்டினால் அது ஆபத்து. எதிரே வருகிறவருக்கும் ஆபத்து. இதற்குக் கடையில் கப்பாசிட்டர் விற்பார்கள். வாங்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். 1 ஃபாரட் கப்பாசிட்டர் ஒரு வோல்ட் இறங்கும்போது, 45 ஆம்பியரை ஒரு நொடியில் நாற்பத்தைந்தில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் தரும். ஒரு பேஸ் அடி அதைவிட நீளம். அந்தப் பணத்துக்கு ஒயர் வாங்கலாம்.

கோளாறு எங்கே என்று பிடிக்க மூன்று இடத்தில் அளக்க வேண்டும். போனில் 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு ஏறி இறங்குவதால் மீட்டர் நிற்காது, ஒரே ஒலி என்றால் நிற்கும். ஐந்து நொடிக்கு மேல் ஓட்டாதீர்கள், சப் வூஃபரின் காயில் சூடாகும். இன்ஜின் ஓடட்டும்.

முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும். 13.8-இல் இருந்து 13.3-க்கு இறங்கினால் சரி. 12.6-க்குக் கீழே போனால் ஆல்டர்னேட்டர் ஈடுகொடுக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து மறுபடி பாருங்கள். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தன் முழு அளவைத் தராது. மிதித்ததும் சரியானால், நின்ற இடத்தில் சத்தம் குறைத்துக் கேட்பதைத் தவிர ஒயரில் செய்ய ஒன்றுமில்லை. மிதித்தும் சரியாகவில்லையென்றால் ஆம்ப் வண்டிக்குப் பெரிது, அல்லது பேட்டரி பழசு.

இரண்டாவது, பாசிட்டிவ் ஒயரின் இழப்பு. மீட்டரின் ஒரு கம்பி பேட்டரி பாசிட்டிவில், மறு கம்பி ஆம்ப்பின் பாசிட்டிவில். எட்டாது என்றால் மெல்லிய ஒயர் ஒன்றை நீட்டிக்கொள்ளலாம், மீட்டர் கரண்ட் இழுக்காததால் மெல்லியதே போதும். பேட்டரி முனையில் அந்த ஒயருக்கும் ஒரு சின்ன பியூஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஒலி ஓடும்போது மீட்டர் என்ன காட்டுகிறதோ அதுவே வழியில் தொலைந்த வோல்ட். 0.25-க்குள் இருந்தால் நல்ல ஒயர். 0.5 என்றால் ஒயர் மெல்லியது, அல்லது பியூஸ் ஹோல்டரில் கோளாறு.

மூன்றாவது, இதே போல பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்ப்பின் எர்த்துக்கும். என் அனுபவத்தில் அதிகம் தவறுவது இங்கேதான். பாசிட்டிவுக்கு 4 கேஜ் இழுத்துவிட்டு எர்த்துக்கு மிச்சம் கிடந்த மெல்லிய ஒயரைப் போட்டிருப்பார்கள். போன கரண்ட் முழுவதும் திரும்பி வந்தாக வேண்டும். எர்த்தும் அதே தடிமன், நீளம் ஒன்றரை அடிக்குள். இணைக்கும் இடத்தில் பெயின்ட்டைப் பளபளக்கும் உலோகம் வரை உப்புத்தாளால் தேய்த்து, லக் போட்டு, பல் வாஷரோடு போல்ட் இறுக்கி, அப்புறம் மேலே பெயின்ட் அடியுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் கொடுக்காதீர்கள். அது உயிரைப் பிடிக்கும் போல்ட், அதைக் கழற்றி மாட்டவே கூடாது. துளை போடும் முன் வண்டிக்கு அடியில் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.

ஆம்ப்பின் எர்த் நன்றாக இருந்தும் இழப்பு காட்டினால், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போகும் ஒயரைப் பாருங்கள். கம்பெனி போட்டது மெல்லியதாக இருக்கும். அதைக் கழற்றாமல், கூடவே 4 கேஜ் ஒன்று இழுங்கள். இன்ஜினிலிருந்து பாடிக்கு ஒன்று. ஆல்டர்னேட்டர் பாசிட்டிவிலிருந்து பேட்டரிக்கு ஒன்று, இதற்குப் பியூஸ் வேண்டும். இந்த மூன்றையும் கூடுதலாக இழுத்ததில் சிமிட்டுவது நின்றுபோன வண்டிகள் எனக்கு நிறைய.

ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து ஒரு விசில்

மிதித்தால் கூடி, விட்டால் இறங்கும் சத்தம். ஸ்டீரியோவிலிருந்து பாட்டை ஆம்ப்புக்குக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளை ஆம்ப்பில் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது கேபிள் வழியாக வருகிறது. பவர் ஒயரும் ஆர்சிஏயும் ஒரே பக்கமாக ஓடினால் பிரித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் கொண்டுபோங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஸ்டீரியோவின் எர்த்தைக் கழற்றிச் சுத்தமான உலோகத்தில் கொடுங்கள். பிடுங்கியும் சத்தம் நிற்கவில்லையென்றால் ஆம்ப்பின் எர்த்.

அரை மணி நேரம் பாடிவிட்டு நிற்கிறது, ஆறியதும் மறுபடி பாடுகிறது

ஆம்ப்பில் சிவப்பு லைட் எரிந்தால் அது தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. தொட முடியாத சூடு என்றால் காற்று இல்லை. சீட்டுக்குக் கீழே கார்பெட்டில் புதைத்து வைத்த ஆம்ப்பைப் பலகையில் ஏற்றி, சுற்றிலும் இரண்டு விரல் இடம் விடுங்கள். குற்றாலச் சாரலில் நன்றாகப் பாடி, சமவெளிக்கு இறங்கியதும் நிற்கிற வண்டி இந்த வகை. சூடு இல்லாமலே நின்றால் ஸ்பீக்கர் ஒயர்களை முழுதும் கழற்றி ஆன் செய்யுங்கள். சிவப்பு போனால் ஏதோ ஒரு ஸ்பீக்கர் ஒயர் பாடியில் படுகிறது. ஒவ்வொன்றாக மாட்டிப் பிடியுங்கள். இரண்டும் இல்லையென்றால் மேலே சொன்ன வோல்ட் இழப்புதான். வோல்ட் குறைந்தால் சில ஆம்ப்புகள் நின்றுவிடும்.

காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது

ரிமோட்டை நேரடி 12 வோல்ட்டில் கொடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். ஸ்டீரியோ அணைந்ததும் ரிமோட்டில் பூஜ்யம் வர வேண்டும். வந்தும் இறங்கினால், வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் அதன் ஒயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து அளங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. மேலே இருந்தால் ஆம்ப்பின் பியூஸைக் கழற்றிப் பாருங்கள், இறங்கினால் அங்கே. மீட்டர் மாட்டிய நிலையில் சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டர் போய்விடும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி, கடலோர வண்டி

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை யாரும் மறந்திருக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அன்று தண்ணீரில் நின்ற வண்டிகள் காயவைத்து ஓடத் தொடங்கிய பின், மாதக் கணக்கில் கழித்து என்னிடம் வந்தன. ஒருநாள் பாடும், ஒருநாள் பாடாது. எர்த் போல்ட்டைப் பிரித்தால் பச்சையாகப் பூத்திருக்கும்.

அதைச் சுரண்டி மறுபடி இறுக்கினால் போதாது. தண்ணீர் உறைக்குள் இழைகள் வழியே ஏறும். முனையிலிருந்து ஒரு சாண் தூரம் வரை உறையைச் சீவிப் பாருங்கள். இழை கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் வெட்டிக்கொண்டே போங்கள், பளபளக்கும் செம்பு வரும் வரை. முழம் தாண்டியும் வரவில்லையென்றால் ஒயர் முழுவதும் மாற்ற வேண்டியதுதான். பூச்சு ஒயர் என்றால் சீவிப் பார்க்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். செம்பும் அலுமினியமும் சேர்ந்த இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் பொடியாக உதிரும். பியூஸ் ஹோல்டரையும் புதிதாகவே போடுங்கள்.

திருச்செந்தூர், உவரி, இடிந்தகரை என்று கடலோரத்தில் ஓடும் வண்டிகளுக்கு வெள்ளமே வேண்டாம், உப்புக்காற்றே இதே வேலையை மெதுவாகச் செய்யும். கிடைத்தால் ஈயம் பூசிய செம்பு ஒயர் வாங்குங்கள். லக்கும் ஒயரும் சேரும் இடத்தில் உள்ளே பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டுங்கள், ஈரம் ஏறாது. போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். இறுக்கும் முன் தடவாதீர்கள், உலோகத்தோடு உலோகம் நேராகப் பட வேண்டும். கடலோர வண்டிகளை நான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச்சொல்லி, எர்த் போல்ட்டையும் பேட்டரி முனைகளையும் பிரித்துத் துடைத்து இறுக்கிக் கொடுக்கிறேன். கால் மணி நேர வேலை.